ஓய்வு நேரத்துக்குக் கூலி கிடையாது

வீட்டில் பொழுதுபோக்காகச் செய்யும் கைவேலையைச் சிறுதொழிலாக மாற்றிக்கொண்டால் குடும்பத்துக்குக் கூடுதல் வருமானம் வந்துவிடும் என்பது இன்று யாரும் எதிர்க்கேள்வி கேட்காத உபதேசம். மகளிர் இதழ்களின் சுயதொழில் பக்கமும் யூடியூப் காணொளிகளும் வங்கிகள் நடத்தும் பயிற்சி நிலையங்களும் மகளிர் தினச் சிறப்புரைகளும் இதையே சொல்கின்றன. ஒயர்கூடையில் சிவன் கண் பின்னத் தெரிந்தவர், குரோஷா ஊசி பிடிக்கத் தெரிந்தவர், மேக்ரமே முடிச்சுப் போடத் தெரிந்தவர், வாழைநாரைத் திரிக்கத் தெரிந்தவர் என எல்லோருக்கும் ஒரே பாடம்: வீட்டு வேலை முடிந்தபின் மிஞ்சும் இரண்டு மணி நேரம் போதும், சிறு முதலீடு போதும், கையில் ஒரு செல்பேசி இருந்தால் போதும், நீங்களும் தொழில்முனைவோர். சென்னையிலோ கோவையிலோ மாதச் சம்பளம் வரும் வீட்டில் இதைச் சொன்னால் பெரிய கேடில்லை. கள்ளக்குறிச்சி போன்ற மாவட்டத்தில் இது ஆசை வார்த்தை என்ற நிலையைக் கடந்து திட்டமாகிவிடுகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பிறகு, அதே மாவட்டத்தின் கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. ‘மாற்று வாழ்வாதாரம்’ என்ற பேச்சு அப்போதிலிருந்து ஓயவில்லை. அந்தப் பேச்சு பெண்களின் பக்கம் திரும்பியதும் தயாராக நிற்கும் பட்டியலில் தையல், எம்ப்ராய்டரி, நார்ப்பை, பாய் ஆகியவைதான் முதலில் வருகின்றன. இந்தப் பட்டியலுக்கு அடியில் இருக்கும் கணக்கு தவறானது என்பதே என் வாதம். ஓய்வு நேரத்தில் செய்தது என்று சொல்லி விற்கப்படும் பொருளுக்கு, அந்த நேரத்தைச் சுழியமாக வைத்தே விலை போடப்படும். அந்த விலையை வைத்துக்கொண்டு எந்தக் குடும்பமும் பிழைக்க முடியாது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு குரோஷாப் பையை 400 ரூபாய்க்கு விற்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். நூலுக்கும் உள்துணிக்கும் 150 ரூபாய் போகட்டும். பின்னி, முடிச்சு மறைத்து, கைப்பிடி வைத்துத் தைக்க 12 மணி நேரம் ஆகட்டும். மிச்சம் 250 ரூபாய். மணிக்கு 21 ரூபாய்கூட இல்லை. 2025-26 நிதியாண்டுக்கு நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42. வேலையை அளந்து கூலியைக் குறைத்துக் கொடுக்கும் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதைக் கழித்துப் பார்த்தாலும், ஏரிக்கரையில் மண் அள்ளுவதைவிடக் குறைவான கூலிக்குத்தான் அந்தப் பை பின்னப்படுகிறது. கண்காட்சிக்குப் போய்வரும் பேருந்துச் செலவு, அங்கே விற்காமல் திரும்பிவந்த பைகள், பார்சல் செலவு, தெரிந்தவர் என்பதால் விட்டுக்கொடுத்த ஐம்பது ரூபாய் எதையும் நான் இன்னும் கழிக்கவில்லை. எண்கள் ஆளுக்கு ஆள் மாறலாம். கைவேகம் உள்ளவர் எட்டு மணி நேரத்தில் முடிக்கலாம். அப்போதும் மண் வேலையின் கூலியை எட்டுவதே பெரும்பாடு. சுயதொழில் பயிற்சிகளில் வழக்கமாகக் கற்றுத்தரும் விலைக் கணக்கில் மூலப்பொருள் விலையை எழுதி அதன்மேல் ‘லாபம்’ என்று ஒரு தொகையைச் சேர்ப்பார்கள். நேரத்துக்கு அங்கே தனி வரி கிடையாது. லாபம் என்று எழுதப்படுவது உண்மையில் கூலி, அதுவும் அரைக் கூலி.

இது ஏதோ சில பெண்களின் கணக்குப் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆந்திரத்தின் மேற்கு கோதாவரியில் நரசாப்பூர் என்ற ஊர் இருக்கிறது. மிஷனரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பெண்களுக்குக் குரோஷா லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். நாளடைவில் அந்த லேஸ் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதியாகும் பெரிய வணிகமாயிற்று. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே ஆய்வு செய்து 1982இல் ‘நரசாப்பூரின் லேஸ் பின்னுபவர்கள்’ என்ற நூலை வெளியிட்டார். அந்தப் பெண்கள் நாள் முழுக்கப் பின்னினார்கள். உலகச் சந்தைக்குப் பின்னினார்கள். இருந்தும் வயல்வேலைக்குப் போகும் பெண்ணைவிடக் குறைவாகவே சம்பாதித்தார்கள். காரணம், ஏற்றுமதியாளரும் அரசும் அவர்கள் வீட்டு ஆண்களும், ஏன் அவர்களேகூட, அதை ‘இல்லத்தரசிகளின் ஓய்வு நேர வேலை’ என்றே கருதினார்கள். ஓய்வு நேர வேலைக்கு யாரும் குறைந்தபட்சக் கூலி கேட்பதில்லை, சங்கம் கட்டுவதில்லை, கணக்குப் பார்ப்பதில்லை. நரசாப்பூர் லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தாமதமான மரியாதை, வரவேற்கலாம். ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு மேல் உலகச் சந்தையோடு தொடர்பில் இருந்த கைவேலையே ‘ஓய்வு நேரம்’ என்ற சிறையிலிருந்து வெளியே வரப் போராடியது என்றால், கல்வராயன் மலையின் வெள்ளிமலையில் சில நாள் பயிற்சியோடு தொடங்கும் ஒருவர் அதே சொல்லை நெற்றியில் ஒட்டிக்கொண்டு எங்கே போய்ச் சேருவார்?

நம் பக்கத்து வரலாற்றைச் சுட்டி இதை மறுப்பவர்கள் உண்டு. நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் 1820களில் தொடங்கிய லேஸ் வேலை அடிமைநிலையில் இருந்த பெண்களுக்கு வருமானமும் விடுதலையும் தரவில்லையா, அவர் மகள் எலைசா கால்டுவெல் வழியாக அது இடையன்குடிக்குப் பரவவில்லையா என்று கேட்பார்கள். தந்தது, பரவியது, உண்மை. ஆனால் அது பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் முறையாகக் கற்பித்து, நூலை வாங்கிக் கொடுத்து, பின்னியதை மிஷன் வாங்கிக்கொண்டு, அதற்குத் தானே சந்தை தேடியது. பின்னிய பெண் வாங்குபவரைத் தேடி அலையவில்லை. அங்கே உதவியது ஆர்வமா, ஏற்பாடா என்பதை மறுப்பவர்களே சொல்லட்டும்.

அடுத்து வரும் மறுப்புதான் எல்லோர் வாயிலும் இருப்பது: சும்மா இருக்கும் நேரத்தில் மணிக்கு இருபது ரூபாய் வந்தாலும் அது லாபம்தானே? சும்மா இருக்கும் நேரம் என்ற ஒன்று இருந்தால் இந்தக் கேள்வி நியாயம்தான். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் கூலியில்லாத அந்த வேலைக்கு நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். வீட்டு வேலையில் கைகொடுக்கும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். குழந்தையையும் முதியவரையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் அடங்காது. அதற்குத் தனிக் கணக்கு உண்டு. இது நாடு முழுவதற்குமான சராசரி. கல்வராயன் மலையில் விறகும் தண்ணீரும் இதைவிடக் கூடுதல் நேரத்தைத் தின்னும். அங்கே ஒரு பெண்ணின் நாளில் மரவள்ளிக் காட்டில் களையெடுப்பதும், சாமையும் தினையும் அறுப்பதும், பருவத்தில் கடுக்காய் பொறுக்குவதும் இருக்கின்றன. கரியாலூரிலோ சேராப்பட்டிலோ இருந்து கீழே இறங்கிக் கூலி வேலைக்குப் போய் வருவோரும் உண்டு. அந்த நாளுக்குள் ‘மிஞ்சும் இரண்டு மணி நேரம்’ என்பது தூக்கத்திலிருந்தோ கூலி வேலையிலிருந்தோ கழித்து எடுக்கப்படுவது. எதிலிருந்து எடுத்தாலும் அதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையைச் சுழியம் என்று எழுதுவது மலைப்பெண்ணின் வாழ்க்கையைத் தெரியாதவர் எழுதிய கணக்கு.

இந்த மறுப்பில் இன்னொரு தீங்கும் ஒளிந்திருக்கிறது. ‘வந்தவரை லாபம்’ என்று ஒருவர் 200 ரூபாய்க்குக் கொடுக்கும் கூடைதான், அதையே முழுநேரப் பிழைப்பாகக் கொண்ட இன்னொருவரின் 350 ரூபாய்க் கூடையைச் சந்தையிலிருந்து விரட்டுகிறது. ஒயர்கூடைகளின் கதையைப் பாருங்கள். நெல்லிக்காய் முடிச்சுப் போட்ட ஒரு நல்ல கூடை பத்து வருடம் உழைக்கும். பின்னுபவரின் விரல் நுனியில் தழும்பு விழும். தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒருவராவது அதைப் பின்னத் தெரிந்தவர். அத்தனை பேரும் ‘டிவி பார்த்துக்கொண்டே பின்னினது’ என்று சொல்லிச் சொல்லியே விலையை ஒயர் ரோலின் விலைக்குச் சற்றே மேலே நிறுத்திவிட்டோம். வாங்குபவர் பேரம் பேசுவதைக் குறை சொல்லிப் பயனில்லை; விற்பவரே தன் நேரத்துக்கு விலையில்லை என்று அறிவித்துவிட்டார்.

இதே மாவட்டத்தில் இன்னொரு கைவேலை இருக்கிறது, அதைப் பற்றி இப்படி யாரும் பேசுவதில்லை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பகுதிகளில் பட்டறை போட்டுச் செதுக்கும் அந்தக் கலைஞர்களிடம் போய், ‘வீட்டு வேலை முடிந்தபின் இரண்டு மணி நேரம் உளி பிடித்தால் கூடுதல் வருமானம் வரும்’ என்று யாராவது சொல்வார்களா? கதவுக்கும் வாகனத்துக்கும் ஆர்டர் வருகிறது, முன்பணம் வருகிறது, மரத்தின் விலையும் ஆள்கூலியும் நாட்கணக்கும் பேசிய பிறகே உளி மரத்தில் படுகிறது. அவர்களுக்கும் கஷ்டகாலம் உண்டு. மரம் கிடைப்பது சிரமம், ஆர்டர் இல்லாத மாதங்கள் உண்டு. ஆனாலும் அது தொழில் என்பதில் அவர்களுக்கோ வாங்குபவருக்கோ சந்தேகம் இல்லை. நார், நூல், ஊசி என்றதும் மட்டும் ‘ஓய்வு நேரம்’ ஏன் வந்து ஒட்டிக்கொள்கிறது? செய்பவர் பெண் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. செதுக்கத் தேவையான பொறுமையும் கண்ணும் பயிற்சியும் பின்னலுக்கும் வேண்டும். இரண்டையும் செய்வது கைதான். ஒன்றைக் கலை என்றும் மற்றொன்றைப் பொழுதுபோக்கு என்றும் பிரித்து வைத்ததில் கைக்குப் பங்கில்லை.

சுயஉதவிக் குழுக்களின் வரலாறும் இங்கே சாட்சி சொல்லும். சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தருமபுரியில் 1989இல் குழுக்களைத் தொடங்கியது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் சேலத்துக்கும், கள்ளக்குறிச்சியை உள்ளடக்கியிருந்த அன்றைய தென்னாற்காட்டுக்கும் அது விரிந்தது. கல்வராயன் மலையைச் சுற்றியுள்ள இந்தப் பகுதி, மாநிலத்திலேயே குழு இயக்கத்தின் மூத்த நிலங்களில் ஒன்று. முப்பது வருடத்துக்கு மேலாகப் பயிற்சியும் கடனும் வந்துகொண்டிருக்கின்றன. சேமிப்பிலும் கடன் ஒழுங்கிலும் பெண்கள் பொதுவெளிக்கு வந்ததிலும் குழுக்களின் சாதனை பெரிது. அதை மறுப்பவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பவர். ஆனால் அந்தக் கடனில் நிலைத்த வருமானம் எதிலிருந்து வந்தது என்று கேட்டால் கிராமங்களில் வரும் பதில் பெரும்பாலும் கறவை மாடு. காரணம் எளிது. பாலுக்கு வாங்குபவர் இருக்கிறார். காலையும் மாலையும் சங்கத்தில் ஊற்றலாம். கொழுப்பை அளந்து விலை சொல்வார்கள். பணம் குறிப்பிட்ட நாளில் வரும். மாட்டைப் பராமரிப்பதும் வீட்டுப் பெண்தான், அதுவும் வீட்டு வேலைகளுக்கு இடையில்தான். என்றாலும் பாலை யாரும் பொழுதுபோக்காகக் கறக்கச் சொல்லவில்லை. மாடு வாங்குவதற்கு முன்பே அங்கே சங்கம் இருந்தது. கைவேலைப் பயிற்சியில் மட்டும் பொருளை முதலில் செய்யச் சொல்லி, வாங்குபவரைப் பிறகு தேடச் சொல்கிறோம்.

மூலப்பொருள் இலவசம் என்பதும் இந்த உபதேசத்தின் ஒரு கிளை. ‘வெட்டி எறியும் வாழைத்தண்டில் இருந்து பணம்’ என்று தலைப்பு வைத்தால் எல்லோரும் படிப்பார்கள். வாழைத்தண்டின் எடையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் நாராக வரும். ஒரு கிலோ நாருக்கு நூறு கிலோ அளவில் தண்டைத் தோட்டத்திலிருந்து தூக்கிவர வேண்டும்; வெட்டிய ஓரிரு நாளில் உரிக்க வேண்டும்; இயந்திரத்தில் சீவ வேண்டும்; அலசி, நிழலில் காயவைத்து, பதம் பார்த்து, சாயம் ஏற்ற வேண்டும். ரயில் கற்றாழையில் நார் இதைவிடக் கூடுதலாக வரும். கூடவே அதன் சாறு பட்டால் கை அரிக்கும். மலையில் மூங்கிலும் ஈச்சையும் இருக்கின்றன. அவற்றைச் சுற்றிக் காப்புக்காடும் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டம் மூங்கில் உள்ளிட்ட சிறுவன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் பழங்குடியினருக்கு உரிமை தருகிறது. அந்த உரிமை கையில் பட்டாவாக வந்து சேராத இடத்தில் கூடை முடையும் பயிற்சி கொடுப்பது, பின்னத் தெரிந்தவரை வனக்காவலர் முன் நிறுத்துவதில் போய் முடியும். சும்மா கிடைக்கிறது என்று சொல்லப்படும் பொருளின் செலவெல்லாம் பெண்ணின் தோளிலும் நேரத்திலும் மறைந்து கிடக்கிறது. பதினைந்து பேர் சேர்ந்து இயந்திரம் வாங்கி, ஒருவர் நாரை மட்டும் எடுத்து, மற்றவர் பின்னினால் கணக்கு மாறும். தனியாக வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தண்டு உரிப்பவருக்கு மாறாது.

கொஞ்சம் படித்தவர்கள் வைக்கும் மறுப்பு வேறு மாதிரி. சரக்கில் குறையில்லை, சந்தைப்படுத்தத் தெரியவில்லை. இன்ஸ்டாகிராமில் போடுங்கள், இணையத்தில் விற்றால் உலகமே சந்தை என்பார்கள். உலகமே சந்தை என்றால் உலகமே போட்டி என்றும் பொருள். கைவினைப் பொருட்களுக்கென்றே 2005இல் அமெரிக்காவில் தொடங்கிய எட்ஸி தளத்தைப் பாருங்கள். 2013இல் வெளி உற்பத்தியாளரிடம் செய்து வாங்கி விற்பதையும் அது அனுமதித்தது. 2015இல் பங்குச்சந்தைக்குப் போனது. விற்பனைக் கட்டணத்தை 2018இல் 3.5 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், 2022 ஏப்ரலில் 6.5 ஆகவும் உயர்த்தியது. அப்போது விற்பனையாளர்கள் பலர் ஒரு வாரம் தங்கள் கடைகளை மூடி வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆங்கிலமும் அதிவேக இணையமும் அஞ்சல் வசதியும் உள்ளவர்களின் நிலைமை இது. கல்வராயன் மலையின் தொராடிப்பட்டிலிருந்து ஒருவர் பையைப் படமெடுத்து, பதிவேற்றி, விசாரிப்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி, பார்சல் கட்டி மலையிறங்கி அனுப்பும் நேரமும் அதே சுழியக் கணக்கில்தான் போய்ச் சேரும். பின்னும் பெண்ணிடமே படப்பிடிப்பு, விளம்பரம், கணக்கு, அனுப்புதல் என நான்கு வேலைகளைக் கூடுதலாக ஏற்றிவிட்டு அதற்குத் தொழில்முனைவு என்று பெயர் வைக்கிறோம். கற்றவர்களில் பலர் ஒரு கட்டத்தில் பொருள் விற்பதை விட்டு வகுப்பெடுக்கத் தொடங்குவதையும் கவனிக்க வேண்டும். ஆரி வேலையில் இது ஊரறிந்தது: ரவிக்கைக்கு ஊசி பிடித்துக் கிடைப்பதைவிட, ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்துக் கிடைப்பது அதிகம். பொருளைவிட ஆசைக்கே நல்ல விலை இருக்கும் சந்தை அது.

கையால் செய்தது என்றால் ஜனங்கள் கூடுதல் விலை கொடுப்பார்கள் என்றும் ஒரு நம்பிக்கை உலவுகிறது. உண்மையான குரோஷாவைப் பின்னித் தரும் ஆலை இயந்திரம் இன்றுவரை இல்லை. ஆயத்த ஆடைக் கடையில் மலிவாகத் தொங்கும் ஒவ்வொரு குரோஷா மேலாடையும் யாரோ ஒருவர் கையால் பின்னியதுதான். கையால் செய்தது என்பது மட்டுமே விலையைக் கூட்டுமானால் அந்த ஆடை எப்படி மலிவாக இருக்கிறது? 2019-20இல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு இன்னும் கசப்பானது. நாட்டில் 35 லட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள். அவர்களில் பத்தில் ஏழு பேர் பெண்கள். நெசவுக் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவான வருமானத்தில் இருந்தவை. தலைமுறை தலைமுறையாக நெய்பவர்கள், கூட்டுறவுச் சங்கமும் கோ-ஆப்டெக்ஸும் உள்ளவர்கள், புவிசார் குறியீடு பெற்ற ரகங்களைக்கூட நெய்பவர்கள் இந்த நிலையில் இருக்கும்போது, நேற்றுக் கற்ற பொழுதுபோக்கு ஒரு குடும்பத்தைத் தூக்கிநிறுத்தும் என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும்.

சித்திலிங்கியைக் காட்டி என்னை மடக்கலாம். கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில், தருமபுரி மாவட்டத்தில் உள்ள பள்ளத்தாக்கு அது. அங்கே லம்பாடிப் பெண்கள் ‘போர்கை’ என்ற கைவினைஞர் சங்கமாகச் சேர்ந்து, ஏறக்குறைய மறந்துபோயிருந்த தங்கள் எம்ப்ராய்டரியை மீட்டு, பைகளிலும் சேலைகளிலும் மெத்தை உறைகளிலும் தைத்து நகரங்களில் விற்கிறார்கள். அருமையான முயற்சி, என் வாதத்துக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் அந்தப் பள்ளத்தாக்கில் மருத்துவமனை தொடங்கினார்கள். ஆண்டுக்கணக்கில் நம்பிக்கை வளர்ந்த பிறகே, பிழைப்பு தேடித் திருப்பூர்ப் பக்கம் போகும் பெண்களுக்கு ஊரிலேயே என்ன வேலை என்ற கேள்வியிலிருந்து கைவேலை பிறந்தது. தையல் நினைவில் இருந்த மூத்த பெண்கள் சிலர் இளையவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். துணி, வடிவமைப்பு, தையல், விற்பனை எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. ஒரு பெண் தனியாக நூல் வாங்கி, தனியாகத் தைத்து, தனியாக விற்கும் கதை அங்கே நடக்கவில்லை. வெற்றி பெற்ற ஒவ்வொரு உதாரணத்தையும் பிரித்துப் பார்த்தால் உள்ளே இப்படி ஓர் ஏற்பாடு இருக்கும். உபதேசம் செய்பவர்கள் அந்த ஏற்பாட்டைக் கழற்றி வைத்துவிட்டு, புன்னகைக்கும் பெண்ணின் படத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். லம்பாடிகளுக்குத் தையல் மரபு உண்டு, கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு அப்படி ஒன்று இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சித்திலிங்கியின் ஊசியை அப்படியே மலைமேல் தூக்கிக்கொண்டு போவதால் பயனில்லை. தேனும் கடுக்காயும் சிறுதானியமும் அங்கே பொருத்தமாக இருக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள்.

பணம் மட்டுமா வாழ்க்கை, தன் கையால் ஒன்றைச் செய்யும் மகிழ்ச்சியும் தன்னம்பிக்கையும் போதாதா என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மகிழ்ச்சிக்காகப் பின்னுங்கள், பேத்திக்குப் பின்னுங்கள், கோயிலுக்குப் பின்னுங்கள். அதற்குக் கடன் கொடுக்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். முத்ராவின் சிசுக் கடனில் 50,000 வரை, மாநில அரசு 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 கைத்தொழில்களுக்கு மானியத்தோடு 3 லட்சம் வரை என வழிகள் திறந்திருக்கின்றன. நல்ல திட்டங்கள்தான், தொழிலாகச் செய்பவர்களுக்கு. பொழுதுபோக்குக்குத் தவணை தேதி கிடையாது; கடனுக்கு உண்டு. பை விற்காத மாதத்தில் தவணையைக் கட்ட அந்தப் பெண் களையெடுக்கத்தான் போவார். அப்படியானால் நார் அவருக்குத் தந்தது என்ன?

வீட்டில் செய்யும் வேலையைக் கணக்கில் கொண்டுவரவே முடியாது என்று சொல்பவர்களுக்கு பீடி பதில் சொல்லும். 1966இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுற்றுபவரையும் தொழிலாளியாக ஏற்றுக்கொண்டது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயமானது. வருங்கால வைப்புநிதியும் வந்தது. நடைமுறையில் ஓட்டைகள் ஆயிரம் இருந்தாலும், ஓர் எண் இருந்தது. அதைக் காட்டிச் சண்டை போட முடிந்தது. வீட்டு உற்பத்தித் தொழிலாளருக்கென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் கொண்டுவந்த 177ஆம் உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவில்லை. அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு பைக்கு எத்தனை மணி நேரம் என்று அளந்து, நூறு நாள் வேலைக் கூலிக்குக் குறையாமல் மணிக்கூலி வைத்து, அதன்மேல் பொருட்செலவையும் விற்பனைச் செலவையும் ஏற்றி விலை சொல்ல ஒரு கூட்டமைப்புக்குச் சட்டம் தேவைப்படாது. அந்த விலைக்கு ஆள் இல்லையென்றால் அந்தப் பொருளுக்குச் சந்தை இல்லை என்று தெரிந்துவிடும். கடன் வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும். அரசு அலுவலகங்கள் வாங்கும் கோப்பு உறைகளும், விழாக்களில் கொடுக்கும் பைகளும், விடுதிகளுக்கான பாய்களும் இந்த விலையில் ஆண்டு ஆர்டராக வந்தால் அதுவே முதல் சந்தை. மகளிர் திட்டத்தின் ‘மதி’ கடைகளும் பூமாலை வளாகங்களும் கல்லூரிச் சந்தைகளும் விற்ற பிறகு பணம் தரும் இடமாக மட்டும் இல்லாமல், முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் இடமாக வேண்டும்.

கள்ளக்குறிச்சியில் அடுத்த நார்ப்பொருள் பயிற்சிக்கு அறிவிப்புத் தயாரிக்கும் அலுவலருக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் ஒரு வேண்டுகோள். ‘ஓய்வு நேரத்தில் வருமானம்’ என்ற வரியை அடித்துவிட்டு அந்த இடத்தில் மூன்று விவரங்களை அச்சிடுங்கள்: ஒரு பொருள் செய்ய எத்தனை மணி நேரம் ஆகும், அதற்கு மணிக்கூலி எவ்வளவு, முதல் ஓராண்டுக்கு அதை வாங்கப்போவது யார். இந்த மூன்றையும் நிரப்ப முடியவில்லை என்றால் பயிற்சியைத் தள்ளி வையுங்கள்.